தபீதாள் டீச்சரின் துளைபோட்ட கிண்ணம்

தபீதாள் டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். தாம்பரத்து மிஷன் பெண்கள் பள்ளியில் அவளிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். டீச்சர் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டால் கடைசி பெஞ்சுகூடக் கப்சிப் ஆகிவிடும். ஸ்டவ் விஷயத்தில் இறங்கிய பிறகு ஏழெட்டு வருஷம் அவள் பெரும்பாலும் மெதுவாகத்தான் பேசினாள் என்று அவள் கணவர் வில்பிரட் சொல்வார்.

விஷயம் பக்கத்து வீட்டில் ஆரம்பித்தது. சேலையூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த காலனி அது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அந்தப் பக்கம் நாகலக்ஷ்மி மாமி. 1963ஆம் வருஷம் ஒரு காலையில் மாமி தரையில் இருந்த திரி ஸ்டவ்வில் சோறு வைத்துவிட்டு, மேல் பலகையிலிருந்து டப்பா எடுக்க எக்கினாள். புடவைத் தலைப்பு ஸ்டவ்வில் மாட்டி இழுத்தது. ஸ்டவ் கவிழ்ந்து, மண்ணெண்ணெய் தரையெல்லாம் பரவி, எரிந்துகொண்டிருந்த திரிகள் அதைப் பற்றவைத்தன. சத்தம் கேட்டுத் தபீதாள் சுவரேறிக் குதித்தாள். கைக்கு அகப்பட்ட கோணிச்சாக்கை மாமி மேல் போட்டு அமுக்கி அணைத்தாள். உயிர் தப்பியது. ஆனால் மாமியின் இடது கை முழங்கை மடிப்பில் தோல் சுருங்கி, பிறகு முழுக்க நீட்டவே வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று தபீதாள் வில்பிரட்டிடம் சொன்னாள்: "விழுந்தது பெரிசில்லைங்க. எது வேணா விழும். விழுந்த பிறகும் ஏன் எரிஞ்சுகிட்டு இருக்கணும்?"

அந்தக் கேள்வியை அவள் விடவில்லை. திரி ஸ்டவ்வில் திரிகளை ஏற்றவும் இறக்கவும் ஒரு கம்பி உண்டு. திரி குழாய்க்குள் இறங்கிவிட்டால் நெருப்பு அணைந்துவிடும். அப்படியானால் ஸ்டவ் சாய்ந்த கணமே திரி தானாக இறங்க வேண்டும். கம்பியை ஸ்பிரிங் போட்டுக் கீழ்ப்பக்கமாக இழுத்து வைத்தாள். அதை ஒரு கொக்கி பிடித்திருக்கும். கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் ஒரு பித்தளைக் குண்டு. ஸ்டவ் சாய்ந்தால் குண்டு கிண்ணத்திலிருந்து உருண்டு வந்து கொக்கியைத் தட்டும். கொக்கி விடும். திரி உள்ளே போய்விடும். சொல்லும்போது இவ்வளவுதான்.

செய்து கொடுத்தவர் பல்லாவரத்தில் லேத் பட்டறை வைத்திருந்த சுவிசேஷமுத்து. சனிக்கிழமை சனிக்கிழமை அவள் ரயிலேறிப் போய் நிற்பாள். "இன்னா டீச்சர், மறுபடியும் ஸ்டவ்வா? வேற வேலையே கெடையாதா ஒனக்கு?" என்று கேட்டுக்கொண்டே கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிடுவார்.

முதலில் செய்தது, குழம்பைக் கிண்டினாலே அணைந்தது. கிண்ணத்தை ஆழமாக்கினார்கள். அப்புறம் பார்த்தால் ஸ்டவ் படுத்தே விட்டாலும் குண்டு நகரவில்லை. சரியான ஆழத்தைக் கண்டுபிடித்து, நாகலக்ஷ்மி மாமியின் அடுப்படியில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் உண்மையான வில்லங்கம் தெரிந்தது. சோறு பொங்கிக் கஞ்சி வழிந்து கிண்ணத்துக்குள் தேங்கியது. காய்ந்ததும் அதுவே பசையாகி, குண்டு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது.

"இந்த ஊர்ல சோறு பொங்கி வழியவிடாத ஆம்படையாள் யாருடி இருக்கா?" என்றாள் மாமி.

அன்றைக்குத்தான் தபீதாள் கிண்ணத்தின் அடியில் துளைகள் போடச் சொன்னாள். மேலே ஒரு தகட்டுக் கூரை, கீழே துளை. கஞ்சி உள்ளே வந்தாலும் நிற்காமல் ஓடிவிட்டது. மாமி அதை மாதக்கணக்கில் வைத்துச் சமைத்தாள். வேண்டுமென்றே பொங்கவிட்டாள். கொல்லையில் கொண்டுபோய்க் காலால் தள்ளினாள். தள்ளிய ஒவ்வொரு தடவையும் அணைந்தது.

இனி ஒரு கம்பெனி இதை எடுத்துச் செய்ய வேண்டும். வில்பிரட் கடற்கரைப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். ஆபீசில் நாலு பேர் பேசக் கேட்டவர். "காட்டறதுக்கு முன்னால கையெழுத்து வாங்கிடு தபீ. காட்டின பிறகு உன்னுதுன்னு சொல்ல உன்கிட்ட ஒண்ணும் இருக்காது" என்று எச்சரித்து, நாலு வரியில் ஒரு ஒப்பந்தமும் அடித்துக் கொடுத்தார்.

கிண்டியில் பெரிய ஸ்டவ் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் மானேஜர் கஸ்தூரிரங்கன் மரியாதையான மனுஷர். டீச்சர் என்றதும் எழுந்து நின்று நாற்காலி காட்டினார், காபி வரவழைத்தார். துணிப்பைக்குள் இருந்த ஸ்டவ்வைத் தபீதாள் மடியிலேயே வைத்துக்கொண்டு, தாளை மட்டும் நீட்டினாள். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க காட்டறதை உங்க சம்மதம் இல்லாம நாங்க செய்யக் கூடாதுங்கறேள். என்னன்னே தெரியாம எப்படிம்மா கையெழுத்துப் போடறது? எங்க இன்ஜினியர் அதையே ஏற்கெனவே யோசிச்சு வச்சிருந்தார்னா? நாளைக்கு எங்க மேலயே கேஸ் போடுவேள்."

"காட்டிட்ட பிறகு கையெழுத்து எதுக்கு சார்?"

"அதேதான் நானும் சொல்றேன். கையெழுத்தே வேண்டாம். ஒரு நம்பிக்கைதானே. பையைத் திறங்கோ."

அவள் பையைத் திறக்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு எழுந்துவந்தாள். ரயிலில் தாம்பரம் வரும்வரை பையின் வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தான் சொன்னது நியாயம். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அம்பத்தூரில் இன்னொரு கம்பெனிக்குப் போனாள். அங்கே வாசல் அறையிலேயே, "வீட்டுக்காரரை அனுப்புங்கம்மா, ஆம்பளைங்க பேசிக்கறோம்" என்றார்கள். வில்பிரட் அரை நாள் லீவு போட்டுப் போனார். கொக்கி எதைத் தட்டும், ஸ்பிரிங் எதை இழுக்கும் என்று கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லவும் கூடாது. முகம் சிவந்து திரும்பி வந்தார்.

கடைசியில் தம்புச்செட்டித் தெருவில் சாம்பசிவன் என்ற வக்கீலைப் பிடித்தார்கள். பேடண்ட் விஷயம் தெரிந்தவர். முதல் கேள்வியே, "யார் யாருக்குக் காட்டினேள்?" என்பதுதான். பக்கத்து வீட்டு மாமி, பட்டறைக்காரர் என்றாள். "அதோட நிறுத்துங்கோ. கல்கத்தா பேடண்ட் ஆபீஸ்ல மனு பதிவாகற வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியக் கூடாது. ஊருக்கே தெரிஞ்ச விஷயத்துக்கு பேடண்ட் கிடையாது."

அந்த மாதங்கள் அவளுக்கு நரகமாக இருந்தன. சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார், "மாமி வீட்ல ஏதோ கவுந்தா அணையற ஸ்டவ்வாமே, எங்களுக்கும் காட்டேன்" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டார்கள். எத்தனை வீட்டில் சின்னப் பிள்ளைகள் தரையில் தவழ்கின்றன என்று அவளுக்குத் தெரியும். "இன்னும் முடியலக்கா" என்று பொய் சொன்னாள். வகுப்பில் நெருப்பைப் பற்றிய பாடம் நடத்தும்போது சாக்பீஸ் கையில் நின்றுவிடும். வீட்டில் ஸ்டவ்வைக் களவு சாமான் மாதிரி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

மனு எழுத உட்கார்ந்தபோது வக்கீல் கேட்டார்: "ஸ்டவ் புதுசில்லை. ஸ்பிரிங் புதுசில்லை. குண்டு உருள்றதும் உலகத்துக்குப் புதுசில்லை. இதுல எதும்மா உங்களுது?"

அவள், "கிண்ணத்துல இருக்கற துளை" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்கோ. அதைக் கெட்டியாப் பிடிச்சுண்டா யாராலும் அசைக்க முடியாது."

துளைகளுள்ள கிண்ணம் என்றே எழுதினார். 1965இல் மனு பதிவானது.

இனிப் பயமில்லை என்று தபீதாள் மறுபடியும் கிண்டிக்குப் போனாள். இந்தத் தடவை பையைத் திறந்தாள். மேஜை மேல் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒரே தள்ளாகத் தள்ளினாள். அணைந்தது. கஸ்தூரிரங்கன் இன்ஜினியரைக் கூப்பிட்டார், அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். எல்லோரும் மாறி மாறித் தள்ளிப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் தன் பொருளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அவளுக்கு அதுவே முதல் தடவை. "சோதனைக்கு வச்சுட்டுப் போங்கோ" என்றார்கள். வைத்துவிட்டு வந்தாள்.

வைத்தது வைத்ததுதான். அந்த வருஷம் போய், பேடண்டும் கைக்கு வந்து, அடுத்த வருஷத்துக் கோடை விடுமுறையும் வந்துவிட்டது. அவளே நேரில் போய்க் கேட்டபோது கஸ்தூரிரங்கன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐடியா ஒசத்திதான். ஆனா யோசிச்சுப் பாருங்கோ. இந்த ஸ்டவ் கவுந்தா பத்திக்காதுன்னு நாங்க விளம்பரம் போட்டா, எங்க மத்த ஸ்டவ் எல்லாம் கவுந்தா பத்திக்கும்னுதானே அர்த்தம்? கடைல எவன் வாங்குவான்?"

"மத்ததெல்லாம் பத்திக்கத்தானே செய்யுது சார்."

"அதை நாங்களே சொல்ல முடியுமாம்மா?"

ஸ்டவ்வைத் திருப்பி வாங்கிப் பல்லாவரத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். சுவிசேஷமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிண்ணத்தை உருக்கிப் பற்றவைத்திருந்த இடத்தை விரலால் தடவினார்.

"டீச்சர், இது நம்ம பத்தவெப்பு இல்ல. எவனோ பிரிச்சிப் பாத்துட்டு மறுபடி ஒட்டிகீறான்."

"பாக்கட்டும் சுவிசேஷம் அண்ணா. அதுக்குத்தானே பேடண்ட் வாங்கியிருக்கு."

அதைச் சொல்லும்போது அவளுக்கு அதில் நம்பிக்கை இருந்தது.

1968 தீபாவளிக்கு முன்னால் தாம்பரம் மார்க்கெட்டுப் பாத்திரக் கடையில் புது ஸ்டவ் ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. கிண்டிக் கம்பெனியுடையதுதான். கவிழ்ந்தால் அணையும் என்று சிவப்பு எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. கடைக்காரர் அவளுக்கே விளக்கம் சொன்னார். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வில்பிரட் ஆபீசிலிருந்து வருவதற்குள் கூடத்துத் தரையில் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிட்டாள். ஸ்பிரிங் இருந்தது, கொக்கி இருந்தது, பித்தளைக் குண்டு இருந்தது. கிண்ணமும் அதே ஆழம். அடியில் மட்டும் ஒரு துளைகூட இல்லை.

சாம்பசிவன் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு மனுவின் நகலை எடுத்துப் பிரித்தார்.

"நம்ம மனுவுல துளைகளுள்ள கிண்ணம்னு போட்டிருக்கோம். இதுல துளை இல்லை. கோர்ட்டுக்குப் போனா இது வேற, அது வேறன்னுதான் சொல்லுவான். அவா வக்கீல் நன்னாப் படிச்சிருக்கான்."

"துளை இல்லைன்னா இது வேலை செய்யாது சார்."

"அது சட்டத்துக்கு சம்பந்தமில்லைம்மா."

வில்பிரட் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மனு முழுக்க அவர் விரலால் டைப் அடித்தது. தபீதாள் படுக்கவில்லை. மறுநாளே அந்த ஸ்டவ்வில் சோறு வைத்துப் பொங்கவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. கிண்ணத்தில் கஞ்சி காய்ந்து வெள்ளையாகப் படிந்ததும், கொல்லையில் மணல் கொட்டி, பற்றவைத்துத் தள்ளினாள். மணலில் படுத்துக்கொண்டு ஸ்டவ் ஜோராக எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாகலக்ஷ்மி மாமி தன் மடங்கிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"இதைப் போய்ச் சொல்லுடி அவாகிட்ட" என்றாள்.

போனாள். கஸ்தூரிரங்கன் இந்தத் தடவையும் எழுந்து நின்றார், ஆனால் காபி சொல்லவில்லை.

"நான் கேஸ் போட வரல சார்" என்றாள் அவள். "துளை போடுங்க. அடியில நாலு துளை, அவ்வளவுதான். இல்லைன்னா கஞ்சி காஞ்சு குண்டு ஒட்டிக்கும். நீங்க இதை சமைக்காம சோதிச்சிருக்கீங்க."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "துளை போட்டா உங்க பேடண்டுல விழும். போடலைன்னா குறைங்கறேள். எங்களை என்னதான் பண்ணச் சொல்றேள்?"

"எழுதித் தரேன். துளை போட்டுக்கங்க, நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"அதை வாங்கிண்டா, உங்ககிட்டேர்ந்துதான் எடுத்தோம்னு கம்பெனி ஒத்துண்ட மாதிரி ஆயிடும். முதலாளி சம்மதிக்க மாட்டார்." அவளைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க இங்க வந்து இதைச் சொன்னதாவே நான் காட்டிக்க முடியாதும்மா."

முதலில் அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். இப்போது அவளுடைய கையெழுத்தையும் வாங்க மாட்டேன் என்கிறார். தபீதாள் என்னவோ சொன்னாள். குரல் அவ்வளவு தாழ்ந்துபோயிருந்ததால் அவர் காதில் விழவில்லை. "என்ன சொன்னேள்?" என்று கேட்டார். அவள் திரும்பச் சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு வாரம் பள்ளிக்கு வராதிருந்த ரமா என்ற பெண் திரும்பி வந்தாள். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வந்து படிப்பவள். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, அம்மாவுக்கு இரண்டு காலும் வெந்துவிட்டது என்றாள்.

"புது ஸ்டவ் டீச்சர். விழுந்தா தானா அணைஞ்சுடும்னு கடைக்காரர் சொல்லித்தான் அப்பா வாங்கிட்டு வந்தாரு. கவுந்ததும் அம்மா ஓடல. அணையும் அணையும்னு பாத்துகிட்டே நின்னுட்டாங்க."

தபீதாள் அன்று மத்தியானத்துக்கு மேல் வகுப்பு எடுக்கவில்லை. அணையாத ஸ்டவ் கவிழ்ந்தால் பெண்கள் எட்டிக் குதிப்பார்கள். அணையும் என்று நம்பினால்தான் நிற்பார்கள். தன் குண்டும் தன் கொக்கியும் ஒருத்தியை நெருப்புக்கு முன்னால் நிறுத்திவைத்துவிட்டன. யார் மேல் கோபப்படுவது என்றே அவளுக்கு விளங்கவில்லை. துளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதும் அவள்தானே.

மறு வெள்ளிக்கிழமையே பள்ளி விட்டதும் அவள் சுவிசேஷமுத்துவின் பட்டறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பல்லாவரம் சந்தை கூடும் நாள். அந்த ஸ்டவ்வைக் கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் துளை போட்டுக் கொடுத்தார்கள். பள்ளியில் கரும்பலகையில் படம் போட்டாள், வீட்டில் அம்மாவிடம் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னாள். யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்த விஷயத்தை இப்போது ரயில் பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமெல்லாம் சொன்னாள். இரண்டு மாதத்தில் கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர்கள் பொருளைச் சேதப்படுத்துவதாகவும் பெயரைக் கெடுப்பதாகவும் குற்றச்சாட்டு.

"நம்ம சாமானத்த தூக்கிகினு போயி, நம்ம மேலயே பிராதா?" என்றார் சுவிசேஷமுத்து. "பேஜாரா கீது டீச்சர் இந்த ஊரு நியாயம்." ஆனாலும் துளை போடுவதை அவர் நிறுத்தவில்லை.

சந்தைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்? கடைகளில் விற்பது எத்தனை? ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்கு அது தெரிந்தது.

1969இல் பேடண்டைப் புதுப்பிக்க வேண்டிய தவணை வந்தது. சாம்பசிவன் ஞாபகப்படுத்திக் கார்டு போட்டிருந்தார். வில்பிரட் பணத்தை எடுத்துவைத்துவிட்டார். தபீதாள் வேண்டாம் என்றாள்.

"விட்டுட்டா போயிடும் தபீ. அப்புறம் யார் வேணா துளை போட்டுக்கலாம்."

"போட்டுக்கட்டும். போடணும்னுதானே சொல்றேன்."

"ஆறு வருஷ உழைப்பு. அவனுக்குச் சும்மா தூக்கிக் குடுக்கறியா?"

"சும்மா இல்லைங்க. எனக்கு வயிறு எரியுது. ஆனா இந்தத் தாள் என் கையில இருக்கற வரைக்கும் அவங்க துளை போட மாட்டாங்க. வேற வழி உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, கட்டிடுவோம்."

அவர் எடுத்துவைத்த பணத்தை மறுபடி உள்ளே வைத்தார். தவணை தாண்டியது. வக்கீல், "பைத்தியக்காரத்தனம் பண்றேள்" என்று கடிந்துகொண்டார்.

கிண்டிக் கம்பெனியின் வக்கீல் இதைக் கவனிக்காமல் விடுவாரா? 1971இல் வந்த ஸ்டவ்வில் கிண்ணத்தின் அடியில் துளைகள் இருந்தன. இப்போது சீட்டில் புதிய, மேம்பட்ட அமைப்பு என்று எழுதியிருந்தது. தபீதாள் ஒன்றை வாங்கிவந்து சோறு பொங்கவிட்டுத் தள்ளிப் பார்த்தாள். அணைந்தது. நாகலக்ஷ்மி மாமி சுவருக்கு அப்பாலிருந்து, "அப்பாடா" என்றாள். தபீதாள் ஸ்டவ்வை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் பெயர் எங்கும் வரவில்லை. கஸ்தூரிரங்கன் ஓய்வுபெற்று மாம்பலத்துப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. வெள்ளிக்கிழமைப் பட்டறை வேலை நின்றது. வெள்ளிக்கிழமையிலும் சனிக்கிழமையிலும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நாள் தவித்தாள். வேறு எதையாவது யோசியேன் என்று வில்பிரட் சொன்னபோது, "யோசிச்சா யார்கிட்ட காட்டறது?" என்று கேட்டாள்.

அவள் பேடண்டை விட்டுவிட்ட விஷயம் எப்படியோ சர்ச்சுக்கு எட்டியது. அந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில் போதகர் ஐயா ஆராதனை முடிவில் அவளைப் பெயர் சொல்லி எழுப்பினார். நம் சகோதரி தபீதாள் தன் அறிவின் கனியை, பலன் எதிர்பாராமல், ஏழை எளியவர்களுக்காகத் தியாகமாகக் கொடுத்தார் என்றார். ஐக்கிய சங்கத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சால்வையோடு ஒருவர் வந்தார்.

தபீதாள் எழுந்து நின்றாள். சால்வையை வாங்கவில்லை.

"நான் கொடுக்கலைங்கய்யா" என்றாள் மெதுவாக. பின்வரிசையில் இருந்தவர்கள் கேட்பதற்காக முன்னால் சாய்ந்தார்கள். "எடுத்துகிட்டாங்க. எடுத்ததையும் தப்பா எடுத்தாங்க. அதைத் திருத்தறதுக்கு மிச்சம் இருந்ததையும் நான் விட வேண்டியதாப் போச்சு. இதைத் தியாகம்னு எழுதி வச்சுடாதீங்க."

சால்வைக்காரர் சால்வையை மறுபடி மடித்தார். வில்பிரட் அவள் உட்காரக் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார். பாடகர் குழு அடுத்த பாட்டை எடுத்தது.